விண்ணப்பித்தாயிற்று, பணம் எங்கே நிற்கிறது?

கல்லூரி திறந்த முதல் இரண்டு மாதத்திலேயே பெரிய செலவுகள் எல்லாம் வந்துவிடும். சேர்க்கைக் கட்டணம், புத்தகம், பஸ் பாஸ், விடுதியென்றால் மெஸ் முன்பணம். அதற்காக அரசு தரும் உதவித்தொகையோ பல மாணவர்களுக்குக் கல்வியாண்டு முடியும் தறுவாயில்தான் கணக்கில் ஏறுகிறது. இடைப்பட்ட மாதங்களை வீடு எப்படியோ சமாளிக்கிறது. அம்மாவின் தோடு அடகுக் கடைக்குப் போகிறது. மகளிர் குழுவில் கடன் எழுதுகிறார்கள். இல்லையென்றால் தெருவில் மூன்று வட்டிக்கு வாங்குகிறார்கள்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையில், பொறியியல் போன்ற தொழிற்படிப்பை வீட்டிலிருந்து வந்து படிப்பவருக்கு, 2021ஆம் ஆண்டு மத்திய வழிகாட்டு நெறிமுறைப்படி ஆண்டுக்கு 7,000 ரூபாய் கல்விப்படி. அந்த 7,000 ரூபாயை நம்பி அதே தொகையை மூன்று வட்டிக்கு வாங்கினால் மாதம் 210 ரூபாய் வட்டி. எட்டு மாதம் தாமதமானால் 1,680 ரூபாய். ஏறக்குறைய கால்பங்கு பணம் மாணவர் கையைத் தொடாமலே வட்டிக்காரரிடம் போய்விட்டது. அரசாங்கக் கணக்கில் 7,000 ரூபாய் முழுமையாக வழங்கப்பட்டதாகவே இருக்கும். ஆகவே உதவித்தொகை கிடைத்ததா என்று கேட்பது பாதிக் கேள்வி. எந்த மாதம் கிடைத்தது என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

தாமதத்துக்கு எல்லாம் மாணவரே காரணம் இல்லை. மாணவரால் எல்லாத் தாமதத்தையும் தீர்க்கவும் முடியாது. ஆனால் உங்கள் விண்ணப்பம் எந்த மேசையில் நிற்கிறது என்பதை நீங்கள் கண்டுபிடிக்க முடியும். அது தெரிந்துவிட்டால் யாரைக் கேட்பது, என்ன கேட்பது என்பதும் தெரிந்துவிடும். இந்த அத்தியாயம் அதற்காகத்தான். தமிழ்நாட்டு மாணவர்களை மனத்தில் வைத்தே எழுதுகிறேன். வங்கியைப் பற்றிய பகுதி மட்டும் இந்தியாவில் எங்கே படிப்பவருக்கும் பொருந்தும்.

பணம் வரும் வழி

நீங்கள் விண்ணப்பத்தை அனுப்பியதும் அது முதலில் போகும் இடம் உங்கள் கல்லூரியேதான். அங்கே சரிபார்த்து ஒப்புதல் தந்த பிறகே மாவட்ட அலுவலகத்துக்குப் போகும். பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கு மாவட்ட ஆட்சியர் வளாகத்திலுள்ள ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் நல அலுவலகம். பி.சி., எம்.பி.சி., சீர்மரபினருக்குப் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சிறுபான்மையினர் நல அலுவலகம். புதுமைப் பெண் திட்டம் என்றால் சமூக நலத்துறை. மாவட்டத்திலிருந்து சென்னையிலுள்ள துறைத் தலைமைக்கும், நிதி ஒதுக்கீடு வந்ததும் பணப்பட்டியலாகக் கருவூலத்துக்கும் போகும். கடைசியில் ஆதார் எண்ணை அடையாளமாக வைத்து உங்கள் வங்கிக் கணக்கில் ஏறும்.

இந்தப் பாதையில் மாணவர் தானே நேரில் போய்ச் சரிசெய்யக்கூடிய இடங்கள் இரண்டு: கல்லூரியும் வங்கியும். நடுவில் இருப்பவற்றை மனு போட்டுத்தான் நகர்த்த முடியும். அதனால் எப்போதும் இரு முனைகளையும் முதலில் பாருங்கள். இரண்டும் சரி என்று உறுதியான பிறகு மாவட்ட அலுவலகத்துக்குப் போனால் உங்கள் பேச்சுக்கு எடை இருக்கும். இல்லாவிட்டால் “பேங்க்ல போய்ப் பாரும்மா” என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிடுவார்கள். ஒரு நாள் கூலியும் பஸ் கட்டணமும் வீண்.

கல்லூரி மேசை

மாநில அரசின் உதவித்தொகைகளுக்கு இப்போது யுமிஸ் தளத்தில்தான் விண்ணப்பிக்கிறோம். பள்ளியில் எமிஸ் எண் இருந்ததுபோல, கல்லூரியில் சேர்ந்ததும் யுமிஸ் எண் ஒன்று கிடைக்கும். உங்கள் பாடப்பிரிவு, ஆண்டு, விடுதியா வீடா, முதல் பட்டதாரியா என்ற விவரங்களை அதில் பதிவுசெய்வது கல்லூரி அலுவலகம். அங்கே விடுதி மாணவரை வீட்டிலிருந்து வருபவர் என்று பதிந்துவிட்டால் 13,500 ரூபாய்க்கு உரியவருக்கு 7,000 ரூபாய்தான் வரும். இரண்டாம் ஆண்டுக்கு வந்தவரை முதலாம் ஆண்டிலேயே விட்டுவைத்திருந்தால் புதுப்பித்தல் நகராது. சேர்ந்த முதல் மாதத்திலேயே அலுவலகத்தில் உங்கள் பதிவைத் திரையில் காட்டச் சொல்லி ஒருமுறை பார்த்துவிடுங்கள். கேட்கக் கூச்சப்பட வேண்டியதில்லை. அது உங்களைப் பற்றிய பதிவு.

பெயரில் உள்ள எழுத்து வித்தியாசம் அற்பமாகத் தெரியும். பல மாதங்களை விழுங்குவதும் அதுதான். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் இனிஷியல் முன்னால், ஆதாரில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பாஸ்புக்கில் இரண்டும் இல்லாமல் என்று மூன்று விதமாக இருக்கும். மூன்றையும் மேசையில் வைத்து ஒப்பிடுங்கள். பத்தாம் வகுப்புச் சான்றிதழில் உள்ளதை அடிப்படையாக வைத்து ஆதாரைத் திருத்தி, பிறகு வங்கியில் திருத்துவதுதான் சரியான வரிசை. மாற்றிச் செய்தால் வங்கியில் மறுபடியும் போய் நிற்க வேண்டிவரும்.

சான்றிதழ்களை விண்ணப்பத் தேதி அறிவித்த பிறகு தேடாதீர்கள். வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தால் அது வி.ஏ.ஓ., ஆர்.ஐ. என்று ஏறி வட்டாட்சியர் அலுவலகம் வரை போய்த்தான் திரும்பும். எல்லா மாணவரும் ஒரே வாரத்தில் விண்ணப்பிக்கும்போது அந்த மேசைகளில் என்ன குவியும் என்று நினைத்துப் பாருங்கள். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிந்த ஏப்ரல், மே விடுமுறை இதற்கு ஏற்ற காலம். பழங்குடிச் சான்றிதழ் வருவாய்க் கோட்டாட்சியரிடம் வாங்க வேண்டியது. விசாரணையும் நீளும். அந்தக் குடும்பங்கள் இன்னும் முன்கூட்டியே, பத்தாம் வகுப்பிலேயே, தொடங்கிவிடுவது நல்லது.

கல்லூரியில் உதவித்தொகைப் பணியைப் பார்ப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. பெரும்பாலான கல்லூரிகளில் இது ஒரு எழுத்தரின் தலையில் விழும் கூடுதல் வேலை. அவர் தேர்வு வேலைக்குப் போய்விட்டால் நூற்றுக்கணக்கான விண்ணப்பங்கள் ஒப்புதலுக்குக் காத்துக் கிடக்கும். வகுப்பு ஆசிரியர் ஒவ்வொருவரும் தம் வகுப்பில் யார் யாருக்குத் தகுதி உண்டு, யார் விண்ணப்பித்திருக்கிறார், யாருடையது திருப்பி அனுப்பப்பட்டது என்று ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டாலே பாதிச் சிக்கல் தீரும். திருப்பி அனுப்பப்பட்ட விண்ணப்பம் மாணவரின் தளக் கணக்கில்தான் தெரியும். தினமும் திறந்து பார்க்கும் வசதி எல்லாருக்கும் இல்லை. வகுப்பில் பெயர் சொல்லி அழைக்காமல், தனியே கூப்பிட்டுச் சொல்லுங்கள். உதவித்தொகை வாங்குபவர் என்று பலர் முன்னிலையில் அடையாளம் காட்டப்படுவது வலிக்கும். அந்த வலியைத் தவிர்க்கவே விண்ணப்பிக்காமல் இருந்துவிடுகிற பிள்ளைகள் உண்டு.

வங்கி முனை

“என் கணக்கில் ஆதார் இணைத்திருக்கிறேன், ஆனாலும் பணம் ஏறவில்லை.” உதவித்தொகைப் பிரிவில் ஒவ்வோர் ஆண்டும் கேட்கும் வாக்கியம் இது. சொல்பவர் சொல்வது உண்மைதான். ஆனால் வங்கியில் ஆதார் நகலைக் கொடுப்பது கே.ஒய்.சி.க்காக. அரசுப் பணம் நேரடியாக ஏறுவதற்கு, அதாவது டி.பி.டி.க்கு, வேறொரு படி இருக்கிறது. இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம், அதாவது என்.பி.சி.ஐ., வைத்திருக்கும் பட்டியலில் உங்கள் ஆதார் எண்ணுக்கு எதிரே உங்கள் வங்கியின் பெயர் இருக்க வேண்டும். இந்தப் பட்டியலை மேப்பர் என்றும், அதில் ஏற்றுவதை ஆதார் சீடிங் என்றும் சொல்கிறார்கள். அரசு பணம் அனுப்பும்போது கணக்கு எண்ணைப் பார்ப்பதில்லை. ஆதார் எண்ணை வைத்து இந்தப் பட்டியலில் எந்த வங்கி இருக்கிறதோ அந்த வங்கிக்கு அனுப்பிவிடுகிறது.

ஓர் ஆதார் எண்ணுக்கு எதிரே ஒரு சமயத்தில் ஒரு வங்கிதான் இருக்க முடியும். கடைசியாக எங்கே சம்மதம் கொடுத்தீர்களோ அதுதான் நிற்கும். இதனால் வரும் சிக்கல் வேடிக்கையானதல்ல. செல்பேசிச் செயலியில் ஐந்து நிமிடத்தில் கணக்குத் திறக்கும்போது, அரசு மானியம் இந்தக் கணக்கில் வரட்டும் என்ற கட்டத்தைப் படிக்காமல் தொட்டுவிட்டால், அடுத்த உதவித்தொகை அங்கே போய்விடும். 2017இல் சிம் கார்டைச் சரிபார்க்கக் கைரேகை வைத்த லட்சக்கணக்கானோருக்கு அவர்கள் அறியாமலே பேமெண்ட்ஸ் வங்கிக் கணக்குத் திறக்கப்பட்டு, சமையல் எரிவாயு மானியம் அங்கே போய்ச் சேர்ந்ததும், ஆதார் ஆணையம் நடவடிக்கை எடுத்ததும் செய்திகளில் வந்தது நினைவிருக்கலாம். எனவே “பணம் வரவில்லை” என்று முடிவுகட்டும் முன், மறந்துபோன பழைய கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். பள்ளியில் படிக்கும்போது பூஜ்ய இருப்பில் திறந்த கணக்கு, தபால்காரர் வீட்டுக்கு வந்து திறந்து கொடுத்த அஞ்சலக வங்கிக் கணக்கு, இரண்டையும் விட்டுவிடாதீர்கள்.

பார்ப்பது எளிது. மை ஆதார் இணையதளத்தில் ஆதார் எண்ணையும் ஓ.டி.பி.யையும் கொடுத்து உள்ளே போனால் ‘பேங்க் சீடிங் ஸ்டேட்டஸ்’ என்று ஒரு பகுதி இருக்கும். வங்கியின் பெயர், அது செயலில் உள்ளதா, கடைசியாக எந்தத் தேதியில் மாறியது என்பது அங்கே தெரியும். அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் மனுவோடு சேர்க்க உதவும். ஓ.டி.பி. வர வேண்டுமென்றால் ஆதாரில் உள்ள செல்பேசி எண் இப்போது உங்களிடம் இருக்க வேண்டும். அப்பாவின் பழைய எண், தொலைந்துபோன சிம் என்றால் ஆதார் மையத்துக்குப் போய் முதலில் அதை மாற்றுங்கள்.

வேறு வங்கி காட்டினால், அல்லது ‘இன்ஆக்டிவ்’ என்று இருந்தால், உங்களுக்கு வேண்டிய வங்கிக் கிளைக்குப் போய் “ஆதாரை இணைக்க வேண்டும்” என்று மட்டும் சொல்லாதீர்கள். “என்.பி.சி.ஐ. மேப்பரில் சீடிங் செய்ய வேண்டும், டி.பி.டி. பணம் வருவதற்காக” என்று சொல்லி, அதற்கான சம்மதப் படிவத்தைக் கேட்டு வாங்கிப் பூர்த்திசெய்து, ஒப்புகை பெறுங்கள். சில நாள் கழித்து மறுபடியும் தளத்தில் பாருங்கள். கிளையில் “ஆயிடுச்சு” என்று வாயால் சொன்னதை நம்பி வீட்டுக்குப் போய்ச் செமஸ்டர் முழுவதும் காத்திருந்தவர்கள் நிறைய.

பதினெட்டு வயதுக்குள் திறந்த கணக்கென்றால் இன்னொன்று. வயது நிறைந்ததும் புதிய கையெழுத்தும் கே.ஒய்.சி.யும் கொடுக்காத மைனர் கணக்கை வங்கி நிறுத்தி வைக்கலாம். கல்லூரியில் சேரும் வயதும் இதுவும் ஒன்றாக வருவதால் முதலாம் ஆண்டு மாணவர்கள் பலர் இதில் மாட்டுகிறார்கள்.

இரண்டு ஆண்டு வரவு செலவே இல்லாத கணக்கைச் செயலற்றது என்று வங்கி ஒதுக்கிவிடும். ஆனால் அரசு உதவித்தொகைக்காகப் பூஜ்ய இருப்பில் திறந்த கணக்குகளை அப்படி ஒதுக்கக்கூடாது என்று ரிசர்வ் வங்கி 2024 ஜனவரியில் சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. ஏப்ரல் 1 முதல் அது நடைமுறையில் உள்ளது. செயலற்றுப்போன கணக்கைத் திரும்ப உயிர்ப்பிக்கக் கட்டணம் வாங்கக்கூடாது, அத்தகைய கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று அபராதம் பிடிக்கவும் கூடாது என்று அதே சுற்றறிக்கை சொல்கிறது. கிளையில் யாராவது பணம் கேட்டால் இந்த விதியைத் தன்மையாக எடுத்துச் சொல்லுங்கள். ஆயிரம் ரூபாய் உதவித்தொகையில் வங்கி பிடித்துக்கொள்ளும் நூறு ரூபாயும் ஒரு மாணவியின் ஒரு வாரப் பஸ் காசு.

பாதிதான் வந்திருக்கிறது என்றால்

பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் திட்டம் 1944இல் தொடங்கியது. நாட்டின் மிகப் பழைய கல்வி உதவிகளில் ஒன்று. 2020 டிசம்பரில் மத்திய அமைச்சரவை அதன் நிதிப்பங்கை மாற்றியமைத்து, ஐந்தாண்டுக்கு 59,048 கோடி ரூபாய்க்கு ஒப்புதல் தந்தது. 60 விழுக்காடு மத்திய அரசு, 40 விழுக்காடு மாநில அரசு. மாநிலம் தன் பங்கை விடுவித்த பிறகே மத்தியப் பங்கு நேராக மாணவர் கணக்குக்கு வரும். ஆகவே தொகை ஒரே தவணையில் வராமல் இரண்டாகப் பிரிந்து வரலாம்; நடுவில் மாதங்கள் கடக்கலாம். பாதி வந்ததும் விண்ணப்பத்தில் தவறு என்று பதறி மறுபடியும் விண்ணப்பிக்க வேண்டாம். பாஸ்புக்கில் வரவு வந்த தேதியையும் தொகையையும் குறித்துக்கொண்டு, எந்தப் பங்கு வந்தது, எது நிலுவை என்று மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். மத்திய அரசின் பி.எஃப்.எம்.எஸ். தளத்தில் வங்கி பெயரையும் கணக்கு எண்ணையும் கொடுத்து, அதன் வழியாக வந்த தொகைகளைப் பார்க்கலாம்.

புதுமைப் பெண், தமிழ்ப் புதல்வன் திட்டங்கள் வேறு வகை. 2022 செப்டம்பர் 5 அன்று மாணவிகளுக்கும், 2024 ஆகஸ்ட் 9 அன்று மாணவர்களுக்கும் தொடங்கியவை. ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு மாதம் 1,000 ரூபாய். அரசு உதவிபெறும் பள்ளிகளில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் உண்டு. சாதியோ வருமானமோ நிபந்தனை இல்லை. வேறு உதவித்தொகை பெறுபவரும் இதைப் பெறலாம். “அது வாங்கினால் இது கிடைக்காது” என்று யாரோ சொன்னதைக் கேட்டு விண்ணப்பிக்காமல் விட்டவர்கள் உடனே கல்லூரி அலுவலகத்தை அணுகுங்கள். மாதாமாதம் வருவதுதான் இத்திட்டத்தின் பெரிய பலம் என்று நினைக்கிறேன். ஆண்டுக்கு ஒருமுறை வரும் பெரிய தொகையைக் கடன்காரர் வாசலிலேயே வாங்கிக்கொள்கிறார்; மாதம் ஆயிரம் ரூபாய் சாப்பாட்டுக்கும் பஸ்ஸுக்கும் ஆகிறது. ஒரு மாதம் விட்டுப்போனால் அடுத்த மாதம் சேர்ந்து வருமா என்று காத்திராமல் அந்த வாரமே கேளுங்கள்.

கேட்கும் முறை

நேரில் போய் வாயால் கேட்பது தேவைதான்; ஆனால் அது எங்கும் பதிவாவதில்லை. ஒரு பக்க மனு எழுதி, இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் அலுவலக முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள். மனுவில் புலம்பல் வேண்டாம். கீழே உள்ளதுபோல் இருந்தால் போதும்:

“ஐயா / அம்மா, நான் ____ கல்லூரியில் ____ பாடப்பிரிவில் ____ ஆம் ஆண்டு பயில்கிறேன். எனது யுமிஸ் எண் ____. ____ கல்வியாண்டுக்கான உதவித்தொகைக்கு ____ தேதியில் விண்ணப்பித்தேன். கல்லூரி ____ தேதியில் ஒப்புதல் அளித்துள்ளது. எனது ஆதார் ____ வங்கியில் செயலில் உள்ளதற்கான நகலை இணைத்துள்ளேன். இதுவரை தொகை வரவு வைக்கப்படவில்லை. எனது விண்ணப்பம் தற்போது எந்த நிலையில் உள்ளது, பணப்பட்டியலில் சேர்க்கப்பட்டதா, சேர்க்கப்பட்டுத் திரும்பியிருந்தால் அதற்கான காரணம் என்ன என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.”

கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அனுப்பிய பணம் வங்கியிலிருந்து திரும்பினால் காரணத்தோடுதான் திரும்புகிறது. அந்தக் காரணம் மாவட்ட அலுவலகத்திலோ துறையிலோ இருக்கும். கேட்காதவரைக்கும் யாரும் உங்களுக்கு அனுப்பப்போவதில்லை.

பதில் இல்லையென்றால் திங்கட்கிழமைதோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்தில் அதே மனுவைக் கொடுக்கலாம்; பதிவு எண் தருவார்கள். முதல்வரின் முகவரிப் பிரிவுக்கு 1100 என்ற எண்ணில் பேசியும் புகாரைப் பதியலாம். ஒரே வகுப்பில் பத்துப் பேருக்கு வரவில்லையென்றால் பத்துப் பேரும் தனித்தனியாக எழுதுங்கள். கூட்டு மனு ஒரே மனுவாகவே எண்ணப்படும். ஒருவருக்குப் பதில் தந்தாலே கோப்பு முடிந்துவிடும்.

இதற்கும் அசையாதபோது தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. மாநில அரசு அலுவலகத்துக்கான விண்ணப்பத்தில் 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டினால் போதும். வறுமைக் கோட்டுக்குக் கீழுள்ளவர்களுக்கு அதுவும் வேண்டாம். பொதுத் தகவல் அலுவலர் 30 நாளில் பதில் தர வேண்டும். ஏன் தாமதம் என்று கேட்காதீர்கள். ‘ஏன்’ என்பதற்கு விளக்கம் தரத் தேவையில்லை என்று தட்டிக்கழிக்க முடியும். என் விண்ணப்பம் எந்தத் தேதியில் பெறப்பட்டது, எந்தத் தேதியில் யாருக்கு அனுப்பப்பட்டது, இந்தக் கல்வியாண்டில் இத்திட்டத்துக்கு மாவட்டத்துக்கு வந்த ஒதுக்கீட்டு ஆணைகளின் நகல் என்று ஆவணத்தைக் கேளுங்கள். தேதிகள் வெளியே வந்தால் தாமதம் எந்த மேசையில் என்பது தானே தெரிந்துவிடும்.

பணம் வரும்வரை கல்லூரி நெருக்கினால்

தேர்வுக்கு ஹால் டிக்கெட் தரமாட்டோம், கட்டணம் கட்டு என்று சொல்லும் நிலை சிலருக்கு வருகிறது. சுயநிதிக் கல்லூரிகளில் படிக்கும் தகுதியுள்ள ஆதிதிராவிடர், பழங்குடி, மதம் மாறிய கிறித்துவ ஆதிதிராவிடர் மாணவர்களுக்கு, அரசு நிர்ணயித்த கட்டாயக் கட்டணத்தை அரசு ஏற்பதற்கு 2012 செப்டம்பரில் வெளியான அரசாணை எண் 92 இருக்கிறது. அதன் நகலோடு கல்லூரி முதல்வரைப் பாருங்கள். தனியே போக வேண்டாம். பெற்றோரோ நம்பகமான ஆசிரியரோ உடன் இருக்கட்டும். மாவட்ட நல அலுவலரிடம் கொடுத்த மனுவின் முத்திரையிட்ட பிரதியையும் காட்டுங்கள். தொகை அரசிடமிருந்து வர வேண்டியது என்பதற்கு அதுவே சாட்சி.

படிப்பு முடிந்து போகும்போது நிலுவையைக் காட்டி டி.சி.யையும் மதிப்பெண் பட்டியலையும் பிடித்துவைத்தால், மாணவரின் அசல் சான்றிதழ்களைக் கல்வி நிறுவனங்கள் தங்களிடம் வைத்துக்கொள்ளக்கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 அக்டோபரில் அறிவித்திருப்பதைச் சுட்டி எழுத்தில் கேளுங்கள். எழுத்தில் மறுக்கப் பலரும் தயங்குவார்கள். மறுத்தால் அந்தக் கடிதத்தோடு பல்கலைக்கழகப் பதிவாளருக்கு மேல்முறையீடு அனுப்புங்கள்.

பணம் ஏறியதும்

கணக்கில் ஏறிய தொகையில் கல்லூரிக்குச் சேர வேண்டிய கட்டணமும் கலந்திருக்கலாம். போஸ்ட் மெட்ரிக் திட்டத்தின் புதிய முறையில் கட்டணமும் படியும் மாணவர் கணக்குக்கே வருகின்றன. எது எவ்வளவு என்று அலுவலகத்தில் கேட்டு, கட்டணப் பகுதியை அந்த வாரமே கட்டி ரசீது வாங்குங்கள். வீட்டில் ஒரு மருத்துவச் செலவு வந்து அந்தப் பணம் கரைந்துவிட்டால், அடுத்த ஆண்டு பெரிய நிலுவையாக நிற்கும். கட்ட முடியாத நிலை வந்தேவிட்டால் மறைக்காமல் முன்கூட்டியே சொல்லித் தவணை கேளுங்கள்.

பாஸ்புக்கில் வரவு வந்த பக்கம், கட்டண ரசீது, முத்திரையிட்ட மனுக்கள், வருமானச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் போட்டு, மேலட்டையில் கல்வியாண்டை எழுதி வையுங்கள். புதுப்பிக்கும் விண்ணப்பம் திறந்த அன்றே அனுப்ப இவை போதும். தங்கையோ தம்பியோ அடுத்த ஆண்டு கல்லூரிக்குப் போகிறார்கள் என்றால், அவர்களுக்கும் இந்தக் கோப்பைக் காட்டிச் சொல்லிக்கொடுங்கள்.